பின்வாசல் பாதை

வரைபடத்தில் அப்படி ஒரு பாதையே இல்லை.

மலை உச்சி ஓவியக்கூடத்தின் பின்வாசலில் தொடங்கி, சரிவில் வளைந்து இறங்கி, ஒரு தட்டைப் பாறையோடு அது நின்றுபோயிருந்தது. விரிவாக்க வேலைக்கு வந்திருந்த இன்ஜினியர் பெண் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

ஓவியம் பார்க்க வருகிறவர்கள் இனி சரிவிலும் உலாவப் போகிறார்கள். மரங்களுக்கு நடுவே சிற்பங்கள் வரும். அதற்காக நாளை காலை இயந்திரம் வந்து மண்ணைச் சமன் செய்யும். கேட்பாரற்ற பாதைக்கு அதோடு ஆயுசு முடிந்தது.

இது யார் நடந்த பாதை என்று அவள் கேட்டாள். மேலாளர் உதட்டைப் பிதுக்கினார். பின்வாசலைத் தாண்டும் ஊழியருக்கு வேலை போய்விடும் என்பது அங்கே பழைய சட்டம்.

பக்கத்தில் காவலாளி சாவிக்கொத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

வந்த மேலாளர்களுக்கெல்லாம் இருபத்தாறு வருடம் தண்ணி காட்டியவர் அவர். கூட்டு, முன்வாசலில் டிக்கெட் கிழித்த அவர் மனைவி. மதிய இடைவேளை அரைமணி நேரம். அந்தப் பாறையில்தான் சாப்பாடு. பிள்ளைகள் முன்னால் போட முடியாத சண்டைகளும் அங்கேதான்.

ஒற்றையடிப் பாதைதானே, பின்னால் வா என்றால் கேட்கமாட்டாள்.

“உங்க முதுகைப் பாத்துக்கிட்டு வரவா கல்யாணம் பண்ணிக்கிட்டேன்?”

புல்லை மிதித்துக்கொண்டு இடது பக்கமாகக் கூடவே நடப்பாள். பிடிவாதக்காரி. நினைத்ததும், மேலாளர் முன்னாலேயே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நடந்தது நான்தான் என்று சொல்லிவிட்டார்.

மேலாளர் முறைத்தார். இன்ஜினியருக்கோ ஒரே சந்தோஷம். அப்படியென்றால் இதை அழிக்க வேண்டாம், ஒரு ஆள் நடக்கிற அகலம் இருக்கிறது, இதே அளவில் கல் பதித்துவிடலாம் என்று டேப்பை விரித்தாள்.

காவலாளி பதறிப்போனார்.

“ரெண்டு பேர் சேந்து நடக்கிற மாதிரி போடுங்க மேடம்.”

அவள் குனிந்து பார்த்தாள். பாதையின் வலது பாதி வழவழவென்று தேய்ந்திருந்தது. இடது பாதியில் கணுக்கால் உயரத்துக்குப் புல்.

முன்வாசலில் டிக்கெட் கிழிக்க வேறு ஆள் வந்து நான்கு வருடம் ஆகிறது.

இன்று மதியமும் அவர் வலது ஓரமாகத்தான் இறங்கிப் போனார்.