சனிக்கிழமை மீன்

"அம்புஜம், அப்பா குடுத்த மீனைப் பத்தி நீங்க ரெண்டு வார்த்தை பேசணும்."

கொலினின் மகள் லிண்டா கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

மீன்! அந்தப் பாழாய்ப்போன மீன்!

பக்கத்து வீட்டுக் கொலின் வியட்நாம் போருக்குப் போய் வந்தவர். அப்புறம் நாற்பது வருஷத்துக்கு மேல் ரயில்வேயில் தண்டவாள வேலை. ஓய்வு பெற்ற பிறகும் மனுஷன் வீட்டில் தங்கினால்தானே? காடு, மலை, கடல் என்று ஒரே சுற்றல். சனிக்கிழமை காலையில் தூண்டிலோடு கிளம்புவார். மத்தியானம் ரெண்டு ஸ்னாப்பர் மீனோடு அம்புஜம் வீட்டு வாசலில் நிற்பார்.

அம்புஜம் வீடோ சுத்த ஐயங்கார் வீடு. அதுவும் பெருமாளுக்கு உகந்த சனிக்கிழமை!

முதல் நாளே, "நாங்க சாப்பிடறதில்லை" என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். வயசானவர் ஆசையாக நீட்டும்போது எப்படிச் சொல்வது? வாங்கிக்கொண்டாள். அடுத்த வாரம், "எப்படி இருந்தது?" என்று கேட்டார்.

"சூப்பர்!"

அந்த ஒரு சூப்பர் ஒன்பது வருஷம் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

மீனெல்லாம் தெருக்கோடி வித்தியா வீட்டுக்குப் போயிற்று. யாழ்ப்பாணத்துப் பெண். கணவன் பிரதாபன் மாரடைப்பில் போய்விட, ரெண்டு பிள்ளைகளோடு வாடகை வீட்டில் தனியாக அல்லாடிக்கொண்டிருந்தாள். பக்கத்து ஊர் ஹெண்டர்சனில் ஒரு கடையில் வேலை. தினமும் அம்புஜமும் அவளும் சேர்ந்துதான் ரானுயி ஸ்டேஷனுக்கு நடப்பார்கள். "ஆபீஸ் சிநேகிதர் ஒருத்தர் வாராவாரம் கொண்டுவந்து குடுக்கறார்டி" என்று அவளிடமும் ஒரு பொய்.

இப்போது கொலின் சவப்பெட்டிக்குள் படுத்திருக்கிறார். வழியனுப்ப வந்தவர்கள் ஒவ்வொருவராக மேடையேறி அவரைப் பற்றிப் பேசுகிறார்கள். பெட்டிமேல் அவருடைய பதக்கங்கள்.

"ஏன்னா, நான் என்னத்தைப் பேசுவேன்?" என்று கணவர் வரதராஜனிடம் கிசுகிசுத்தாள்.

"ருசியா இருந்துதுன்னு சொல்லிட்டு வந்து உட்காரு. அவருக்குத் தெரியவா போறது?"

தலையாட்டிவிட்டுத் திரும்பினாள். கடைசி வரிசையில் வித்தியா! அவளிடம் போனாள்.

"நீ எங்கேடி இங்கே?"

"எங்கட இவர் கொலினோடதானே ரயில்வேயில வேலை செய்தவர், அக்கா."

போச்சு. மீன் ருசி என்று சொன்னால் வித்தியா சிரிப்பாள். உண்மையைச் சொன்னால், செத்த மனுஷனை ஒன்பது வருஷம் ஏமாற்றிய கதையை அவர் மகள் முன்னாலேயே சொன்ன மாதிரி ஆகும்.

மேடையில் பழைய படைவீரர் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். "காட்டில் எனக்குக் காய்ச்சல். 'எனக்குத் தாகமே இல்லை'ன்னு சொல்லிக் கொலின் தன் தண்ணியை எனக்குக் குடுத்தான்."

அடுத்து ரயில்வேக்காரர். "யாருக்காவது குழந்தை பிறந்தா, அவங்க நைட் ஷிப்டையும் இவனே பார்ப்பான். கேட்டா, தூக்கம் வரலைம்பான்."

இப்பேர்ப்பட்ட மனுஷனிடமா இத்தனை பொய் சொன்னோம்? அம்புஜத்தின் பேரைக் கூப்பிட்டார்கள். எழுந்து போனாள்.

"நான் பிறந்ததிலேர்ந்து மீன் சாப்பிட்டதில்லை. கொலின் குடுத்த ஒரு மீனைக்கூட வாயில வெக்கலை. வேண்டாம்னு சொல்ல மனசு வரலை. எல்லாத்தையும் வித்தியா வீட்டுக்குக் குடுத்துட்டேன். அவகிட்டயும் பொய்தான் சொன்னேன். கொலின், என்னை மன்னிச்சுடுங்கோ."

கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். யாரையும் நிமிர்ந்து பார்க்கத் தைரியம் இல்லை.

எல்லாம் முடிந்து டீ குடிக்கும்போது லிண்டா நேரே வந்தாள். அழுது அழுது முகம் சிவந்திருந்தது. ஆனால் சிரித்தாள்.

"அப்பாவுக்குத் தெரியும், அம்புஜம்."

"என்னது!"

"நீங்க குடிவந்த புதுசுல பார்பிக்யூவுக்குக் கூப்பிட்டாராம். மீன், கறி எதுவும் தொடமாட்டோம்னு உங்க வீட்டுக்காரர் அன்னைக்கே சொல்லிட்டாராமே?"

அம்புஜம் கணவரை முறைத்தாள். "சொன்னதே மறந்துபோச்சு" என்று வரதராஜன் டீ கப்புக்குள் எதையோ தேடினார்.

"தெரிஞ்சுண்டேவா வாராவாரம் குடுத்தார்? எதுக்கு?"

லிண்டா பக்கத்தில் நின்ற வித்தியாவைப் பார்த்தாள். "பிரதாபன் போனதும் அப்பா முதல்ல இவங்க வீட்டுக்குத்தான் மீன் கொண்டுபோனார். இவங்க வாங்கலை."

வித்தியா உடைந்து அழுதாள். "ஓம் அக்கா. தனிய இருக்கிற வீட்டுக்கு ஒரு ஆம்பிளை வந்து போனா சனம் என்ன கதைக்கும் எண்டு பயந்து, கதவைச் சாத்திப்போட்டன்."

லிண்டா அவள் தோளை அணைத்துக்கொண்டு அம்புஜத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"அதுக்கப்புறம்தான், இவங்களோட பழகுற, ஆனா மீனே சாப்பிடாத வீடாப் பார்த்து அப்பா கதவைத் தட்டினார்."