நாலு பேர் எடுத்த முடிவு

கூடத்தில் இருந்தவர்கள்: கணவர், அவருடைய அக்கா, அக்காவின் புருஷன், ஒரு தம்பி. ஐந்தாவதாகச் சுவரோரம் ஸ்டூலில் அவருடைய மனைவி. பேச்சு அவள் மார்பைப் பற்றி என்பதால் அவளையும் கூப்பிட வேண்டியதாயிற்று.

இரண்டு வருடத்துக்கு முன் புற்றுநோய்க்காக அதில் ஒரு பகுதியை வெட்டி எடுத்திருந்தார்கள். வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி அந்தப் பள்ளத்தை நிரப்பலாம் என்று டாக்டர் சொன்னதிலிருந்து வீட்டில் ரகளை.

திங்கட்கிழமை அவள் ஆஸ்பத்திரி ஃபைலைக் கொடுத்து, "படிச்சுப் பாருங்க" என்றாள். கணவர் படிக்கவில்லை. கையெழுத்துக் கேட்கிறாள் என்று தானே முடிவுகட்டி, சபையைக் கூட்டிவிட்டார். ஃபைல் டீப்பாயில் கிடந்தது. அதன்மேல் அவருடைய டீ கப்.

"கொழுப்புல இருக்கிற செல்லு, தூங்குற கேன்சரைத் தட்டி எழுப்பிடுமாம். போன்ல வந்துச்சு" என்றார் அக்கா புருஷன்.

"அதைத்தாண்ணா டாக்டர்கிட்ட முதல்ல கேட்டேன். செஞ்சுக்கிட்டவங்களையும் செஞ்சுக்காதவங்களையும் வருஷக்கணக்கா கவனிச்சிருக்காங்க. செஞ்சுக்கிட்டவங்களுக்கு நோய் அதிகமா ஒண்ணும் திரும்பலையாம். சத்தியம் பண்ண முடியாது, செக்கப்பை மட்டும் விட்டுடாதேன்னாரு" என்றாள் அவள்.

"தையக்காரன் என்னைக்கு, அண்ணி, தைக்க வேணாம்னு சொல்லியிருக்கான்?" என்றான் தம்பி. நால்வரும் சிரித்தார்கள்.

"நாப்பத்தாறு வயசுல யாருக்குக் காட்டப் போறே?" என்றாள் அக்கா. "அது சரி, ஏன் இப்படி விறைச்சுக்கிட்டு உக்காந்திருக்கே?"

"வயித்துல பெல்ட் போட்டிருக்கேன் அண்ணி. குனிஞ்சா வலிக்குது."

"வயசாகுதில்ல?"

கணவர் தொண்டையைச் செருமினார். அந்தப் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்த வாரமே தன் படுக்கையைக் கூடத்துக்கு மாற்றிக்கொண்டவர் அவர். கேட்டால், அவளுக்கு இடைஞ்சல் கூடாது என்பார். அவள் உடம்பு எப்படி இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அதில் என்ன செய்யக் கூடாது என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

"நான் கையெழுத்துப் போட மாட்டேன். பேச்சு முடிஞ்சுது." கப்பை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு மறுபடி ஃபைல்மேலேயே வைத்தார்.

ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்ட களை நாலு முகத்திலும் வந்தது.

அவள் வயிற்றைப் பிடித்தபடி மெல்ல எழுந்தாள். யாரையும் பார்க்காமல் படுக்கையறைக்குள் போனாள். கதவு சாத்திக்கொண்டது, சாவி திரும்பியது.

உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"இப்பவாவது அந்த ஃபைலைத் திறங்க. கொழுப்பு வச்சு மூணு வாரமாச்சு."