வென்டிலேட்டர் மேற்பார்வை

"கதவு திறக்க மாட்டேங்குது" என்று கழிவறைக்குள்ளிருந்து டாக்டர் சந்தனச்செல்வி சொன்னபோது, வெளியே மேசையில் ஒரு வெள்ளாட்டுக் கிடா செத்துக்கொண்டிருந்தது.

பரோட்டாக் கடையில் பிசைந்து வைத்திருந்த மாவைத் துளி விடாமல் தின்றிருந்தது. வயிறு ஊதி, நாக்கு வெளியே தள்ளி, மூச்சுக்குத் திணறியது.

முள்ளக்காட்டிலிருந்து அதை ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்த சண்முகத்தாய், கொம்பைப் பிடித்தபடி அழுதார். "சுடலைக்கு நேர்ந்த கிடா தம்பி. எம் மவனுக்குக் கல்யாணம் முடிஞ்சா வெட்டுதேன்னு சொல்லியிருக்கேன். அதுக்குள்ள சாவப்படாதுய்யா."

பெவினுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். மணிலாவில் கால்நடை மருத்துவம் படித்து, தலையில் பாதி நரைக்கும் வரை அங்கேயே ஆடு மாடு பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்.

ஆனால் தூத்துக்குடியில் அவர் இன்னும் டாக்டர் இல்லை. இங்கே பதிவு கிடைக்கும்வரை, பதிவு பெற்ற மருத்துவர் ஒருவர் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தால் மட்டுமே அவர் ஒரு பிராணிக்கு வைத்தியம் செய்யலாம். மீறினால் பதிவு கனவுதான்.

அந்த மருத்துவமனையில் பதிவு பெற்றவர் ஒரே ஒருவர். ஆட்டோ வாசலில் வந்து நின்றதுமே "இதோ வாரேன்" என்று கழிவறைக்குள் போனவர்.

பெவின் கதவைத் தோளால் முட்டினார்.

"உடைக்காதீங்க டாக்டர்!" உள்ளிருந்து பதறிய குரல் வந்தது. "ஆட்டைப் பின்பக்கம் கொண்டு வாங்க. வென்டிலேட்டர் வழியா நான் பாக்கேன்."

பெவினும், வரவேற்பில் இருக்கும் கிரேசியும், சண்முகத்தாயுமாக மேசையைக் கிடாவோடு தூக்கிக்கொண்டு கட்டடத்தைச் சுற்றி ஓடினார்கள். வழியில் கிடா கிரேசியின் துப்பட்டாவில் ஒரு முனையைத் தின்றது. சாகக் கிடந்த நேரத்திலும் அதற்குப் பசி.

சுவரின் உச்சியில் கண்ணாடிப் பட்டைகள் இரண்டு உருவப்பட்டன. அந்த இடுக்கில் இரண்டு கண்கள் வந்து நின்றன. கண்களுக்குக் கீழே முகக்கவசம்.

கழிவறைக்குள் எதற்கு முகக்கவசம் என்று கிரேசிக்குத் தோன்றியது. கேட்க நேரமில்லை.

"இடது பக்கம் தெரியல. திருப்புங்க." குரல் சளி பிடித்த ஆம்பிளைக் குரல்போலக் கரகரத்தது.

மேசையைத் திருப்பினார்கள்.

வாய் வழியே விட்ட குழாய் இறங்கவில்லை. இனி வயிற்றில் துளை போட்டுத்தான் காற்றை எடுக்க வேண்டும். பெவின் விலாவுக்குப் பின்னால் விரலால் அழுத்தி இடம் பார்த்தார். மயிரை மழித்து, மரத்துப்போக ஊசி போட்டு, கூரான துளைகருவியைக் கையில் எடுத்தார்.

"பாக்கீங்களா மேடம்?"

"பாக்கேன்."

கருவியின் முனை தோலைத் தொட்ட அந்த நொடி, உள்ளே ஒரு பிளாஸ்டிக் வாளி சரியும் சத்தம். கண்கள் இரண்டும் மறைந்தன.

பெவின் அப்படியே உறைந்து நின்றார். கை நகரவில்லை. கிடாவின் கண் மேலே செருகியது.

"ஏ தம்பி, குத்தேன்!"

"மேடம் பாக்கலியே அம்மா!"

"நான் பாக்கேன்லா, குத்து!"

"நீங்க பதிவு பண்ணலியே!"

சண்முகத்தாய் சுடலையைக் கூப்பிட்டார். கிரேசி மாதாவைக் கூப்பிட்டாள். பெவின் மேடத்தைக் கூப்பிட்டார். கடைசியில் வந்தது மேடம்தான். கண்கள் மறுபடி தெரிந்தன. நெற்றியில் மட்டும் புதிதாக ஒரு புடைப்பு.

"குத்துங்க!"

பெவின் ஒரே அழுத்தாக அழுத்தி, குழாயை உள்ளே விட்டுவிட்டு ஊசியை மட்டும் உருவினார். லாரி டயரிலிருந்து இறங்குவதுபோலக் காற்று சீறிக்கொண்டு கிளம்பி நேராக வென்டிலேட்டருக்குப் போனது. புளித்த மாவு நாற்றத்தில் கிரேசி மதில் வரைக்கும் ஓடினாள். இடுக்கில் இருந்த கண்களிலிருந்து தாரை தாரையாக நீர் வழிந்தது. ஆனாலும் அவை நகரவில்லை.

வயிறு மெல்ல மெல்ல வற்றியது. கிடா தலையைத் தூக்கி, இருமி, கிரேசியின் துப்பட்டா எங்கே என்று தேடியது.

சண்முகத்தாய் வென்டிலேட்டரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "எம்மா தாயீ, உன் முகத்தக்கூட பாக்கல. ஒரு வாயில்லாச் சீவனுக்காவ இந்த நாத்தத்துல நின்னியே. உன்னக் கட்டுதவன் குடுத்து வச்சவன்."

"ம்" என்றது முகக்கவசம்.

காயத்தைத் துடைத்து, மருந்து கொடுத்து, பெவினே கிடாவை ஆட்டோவில் ஏற்றிவிட்டார். கிரேசி ஆசாரியைக் கூப்பிட ஓடினாள்.

ஆட்டோ சத்தம் துறைமுகச் சாலையில் உப்பு லாரிகளோடு கலந்து தேய்ந்ததும், கழிவறையின் தாழ்ப்பாள் 'டக்'கென்று விலகியது.

சந்தனச்செல்வி வெளியே வந்து முகம் கழுவினார்.

"போயிட்டாவளா?"

பெவின் கதவைப் பார்த்தார். மூடித் திறந்தார். எங்கேயும் பிடிக்கவில்லை. "மேடம், கதவுக்கு என்ன?"

"கதவுக்கு ஒண்ணும் இல்ல." அவர் துண்டால் நெற்றிப் புடைப்பை ஒற்றிக்கொண்டார். "போன ஞாயித்துக்கெழமை மவனுக்கு என்னப் பொண்ணு பாக்க வந்ததே இந்த அம்மாதான். எல்லாருக்கும் பிடிச்சுப் போச்சு. கல்யாணத்துக்கப்புறம் ஆடு மாட்டத் தொடக் கூடாதுன்னு அவங்க சொன்னாவ. நான் மாப்பிள்ளையே வேண்டாம்னு சொல்லிட்டேன்."

பெவின் ஆட்டோ போன பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"மேடம்... காயத்தைப் பாக்கணும்னு நாளைக்கும் வரச் சொல்லிட்டேனே."

அதற்குள் கிரேசியோடு ஆசாரி வந்துவிட்டார். தாழ்ப்பாளை நான்கு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, நல்லாத்தானே இருக்கு என்றார்.

"தாழ்ப்பாள் கெடக்கட்டும் அண்ணாச்சி" என்றார் சந்தனச்செல்வி. "உள்ள ஏறி நிக்க, ஆடாத ஸ்டூல் ஒண்ணு நாளைக்குள்ள வேணும்."