அடைக்கோழியும் கேக்கும்

வெள்ளச்சி வாத்துக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. அதன் நான்கு முட்டைகளை அடித்துத்தான் ரோஸ்லின் கேக் சுட்டாள். ஆனால் வாத்து முட்டையென்றால் விருந்துக்கு வந்திருக்கும் நாத்தனார் மூக்கைப் பிடிப்பாளே என்று, "எல்லாம் நம்ம கோழி முட்டை" என்று சொல்லிவிட்டாள்.

"என் முட்டையாம்க்கா," என்று கோழி கொண்டையை ஆட்டியது. இரை பொறுக்க அடையை விட்டு அப்போதுதான் வந்திருந்தது.

"வெட்கமா இல்ல? அடைக்கு உட்கார்ந்து இருபது நாளா நீ ஒரு முட்டையும் போடல. உனக்குக் கீழ இருக்கிறதும் என் முட்டைதான்."

"அவங்க புகழ்றாங்க. நான் ஏன் தடுக்கணும்?"

அதற்குள் நாத்தனார் கொல்லைக்கு வந்தாள். "மதினி, கேக்கு பஞ்சாட்டம் இருக்கு. இந்தக் கோழிய எனக்குத் தாங்க."

அடையில் இருக்கிறது என்றால் பொய் வெளுத்துவிடும். ரோஸ்லின் கோழியின் காலைக் கட்டிக் கொடுத்தாள்.

"அக்கா, முட்டை ஆறிடும், போய் உட்காருங்க," என்று தலைகீழாகத் தொங்கியபடி கோழி கதறியது.

ஒருநாளும் அடைகாத்தறியாத வெள்ளச்சி, திட்டிக்கொண்டே அடைக் கூடைக்குள் ஏறி உட்கார்ந்தது. கொஞ்ச நேரத்தில் முட்டையைத் தொட்டுப் பார்க்கக் கூடைக்குள் நீண்ட ரோஸ்லினின் விரலை வெடுக்கென்று கடித்து, விடவேயில்லை.