மூன்று விரல் கறுப்பு

“கோப்பி வேணாம்க்கா,” என்றான் ஜெயபாலன், தலையை டிவிப் பெட்டியின் முதுகுக்குள் விட்டபடியே. வீரம்மாள் விடவில்லை, மறுபடி கேட்டாள். பச்சைத் தண்ணீர்கூட வேண்டாம் என்றுவிட்டான்.

“வெரதமா தம்பி?”

“அப்படியே வச்சிக்குங்க.”

ஜெலாப்பாங்கிலிருந்த அவள் வீட்டுக்கு அன்றுதான் முதல் தடவையாக வந்திருக்கிறான். வந்ததும் சுவரில் இருந்த அவள் மகன் பத்துமலையின் போட்டோவை ஒரு நிமிஷம் நின்று பார்த்தான், பேரைக் கேட்டுக்கொண்டான். அதோடு சரி, பேச்சில் மகா கஞ்சன்.

டிவிப் படத்துக்கு மேலே மூன்று விரல், கீழே மூன்று விரல் கறுப்புப் பட்டை. அவளுக்குக் கண் பழகிப்போயிருந்தது. இந்த வாரம் நாலு விரலாக ஏறியதும்தான் மெக்கானிக்குக்குச் சொல்லி அனுப்பினாள்.

“எப்பேர்ந்து இப்படி?”

“போன தீவாளிக்கு முன்னாடியே ரோசாக் லா, கெட்டுப்போச்சு.”

அவன் கை கொஞ்சம் நின்றது. “பட்டை மட்டும் இல்லக்கா. படமே அமுங்கிக் கெடக்கு. யாரு வந்தாலும் குட்டையா, குண்டாத்தான் தெரிவாங்க.”

வீரம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. “செய்தி வாசிக்கிற புள்ளைக்கு நல்ல சாப்பாடு போலன்னுல்ல நெனச்சேன்!”

அவன் சிரிக்கவில்லை. மொச்சைக்கொட்டை அளவு சாமான் ஒன்றைக் கழற்றிப்போட்டு, புதுசு ஒன்றைப் பற்றவைத்தான். டிவியில் நிகழ்ச்சி தொடங்கச் சாயங்காலம் ஆகும். “போட்டுப் பாக்க வீடியோ கேசட் இருந்தா குடுங்க.”

கைக்கு அகப்பட்டதை எடுத்துக் கொடுத்தாள். தாப்பாவில் நடந்த யாரோ வீட்டுக் கல்யாணம் அது. போன தீவாளி கழிந்ததும் பத்துமலைக்குப் பெண் காட்டத் தரகர் சன்னாசி கொண்டுவந்தது, இதே டிவியில் போட்டுப் பார்த்தது, திருப்பிக் கொடுக்க மறந்தே போனது. “ஆறடி ஆளு பக்கத்துல உரல நிறுத்துன மாதிரி இருக்கும்னு போய்ச் சொல்லுங்க” என்று அன்றைக்கே சன்னாசியைத் திருப்பி அனுப்பினவள் அவள்தான். தாப்பா என்ன சீமையிலா இருக்கிறது? பஸ் ஏறிப் போய் ஒரு நடை நேரில் பார்த்திருக்கலாம். அதற்கப்புறம் ஒரு வரனும் அமையவில்லை. முப்பத்துமூன்று வயது மகன் இப்படியே நின்றுவிடுவானோ என்று ராத்தூக்கம் இல்லை அவளுக்கு.

படம் கண்ணாடி முழுக்க விரிந்தது. வரிசைத் தட்டோடு அந்தப் பெண் நடந்து வந்தாள். நல்ல உயரம், கொடி மாதிரி உடம்பு.

வீரம்மாளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது, கூடவே ஆசையும் வந்தது. “இந்தத் தங்கத்தையா வேணாம்னேன்? இப்பவே சன்னாசி அண்ணனக் கூப்புடறேன் லா. தையிலயே தாலி கட்டிரலாம்.”

ஜெயபாலன் ஸ்க்ரூடிரைவரைத் துடைத்துப் பையில் போட்டான்.

“அதுக்குக் கல்யாணம் முடிஞ்சிருச்சுக்கா. ஒரு வீட்டுல கழிச்சதும் மத்த எடமெல்லாம் கலைஞ்சி போச்சு. கோப்பெங்ல, ரெண்டு புள்ளைக்காரனுக்கு ரெண்டாந்தாரமா குடுத்தாச்சு.”

“ஒனக்கு எப்படித் தம்பி தெரியும்?”

அவன் கேசட்டை வெளியே எடுத்து, கேட்காமலே தன் பைக்குள் வைத்துக்கொண்டான்.

“அந்த உரலுக்கு நான்தான்க்கா அண்ணன்.”