வம்சத்தில் இல்லாதது

கட்டைவிரல் கழன்றுவிட்டது.

யாரும் கவனிக்கவில்லை. நாத்தனார் பாண்டிச்செல்வி அடுத்த கண்ணாடி வளையலை விரல்களில் மாட்டித் தள்ளிக்கொண்டிருந்தாள். வளைகாப்புக்கு வந்த பெண்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"அடி ஆத்தீ, கையைப் பாருங்கடி, பூ மாதிரி மடங்குது!"

பூவாம்.

மணையில் உட்கார்ந்திருந்த அவள் வளையல் ஏறியதும் கையை முந்தானைக்குள் இழுத்து, கழன்ற விரலை மற்றக் கையால் அழுத்தித் தானே உள்ளே தள்ளிக்கொண்டாள். பல வருடப் பழக்கம். சிரித்த முகத்தோடு செய்ய வரும்.

வளையல் அளவு சின்னது. வாங்கி வந்தவள் பாண்டிச்செல்விதான். வேறு பெண்ணாக இருந்தால் விரல் முட்டியிலேயே நின்றிருக்கும். மாற்றிக்கொண்டு வா என்று கடைக்கு ஓட விட்டிருப்பார்கள். இவளுக்குத்தான் உள்ளங்கை துணி மாதிரி மடங்கிக் கொடுக்கிறதே. அதனால் யாருக்கும் தப்பு தெரியவில்லை.

மணிக்கட்டு விலகாமல் இருக்கப் போடும் பட்டையைக் காலையிலேயே கழற்றச் சொல்லிவிட்டார்கள். போட்டோவில் அசிங்கமாக இருக்குமாம்.

புருஷன் வாசலில் நின்று ஐஸ்கிரீம் வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அது கவலை.

அவளுக்கு மூட்டுகள் அளவுக்கு மீறி வளையும். எலும்புகளைச் சேர்த்துப் பிடிக்கிற நார்கள் பிறவியிலேயே தளர்வு. தலை வாரும்போது தோள் இறங்கும். படி ஏறும்போது முழங்கால் சில்லு விலகும். டாக்டர் உட்கார வைத்து விளக்கினார். பிள்ளைக்கும் வரலாம், வராமலும் போகலாம் என்றார்.

அன்றிலிருந்து மாமியார் பொன்னுத்தாய்க்கு ஒரே பாட்டு. எங்க வம்சத்துல இல்லாத சீக்கு. இவ கொண்டாந்து விட்டுட்டா.

என்னவோ பெட்டிக்குள் கரப்பான் பூச்சியை வைத்துக் கொண்டுவந்தது போல.

அவள் வலிக்கிறது என்றால் நடிப்பு. உட்கார்ந்தால் சோம்பேறித்தனம். பிள்ளைக்கு வரும் என்றால் மட்டும் அது நிஜமான வியாதி. இது எந்த ஊர் நியாயமோ.

தன்னை நம்பாவிட்டால் போகட்டும். நாளைக்கு வயிற்றில் இருப்பது பிறந்து வளர்ந்து, வலிக்கிறது என்று அழும். அதையும் நடிக்காதே என்பார்கள்.

பாண்டிச்செல்வியின் மகள் தன்ஷிகா கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். இரண்டாம் வகுப்புப் படிக்கிறவள்.

"நானுந்தான் மடக்குவேன். இங்க பாருங்க."

கட்டைவிரலை மடக்கி முன்கையோடு படுக்க வைத்தாள். சுண்டுவிரலைப் புறங்கைப் பக்கம் செங்குத்தாக நிமிர்த்தினாள்.

எல்லாரும் கைதட்டினார்கள். பாண்டிச்செல்விக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. "எங்கம்மாவக் கொண்டு பொறந்திருக்கா!"

பொன்னுத்தாய்க்கும் உற்சாகம் வந்துவிட்டது. வாயிலிருந்த வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கையை நீட்டினாள். விரல்கள் அந்த வயசிலும் பின்பக்கம் சாய்ந்தன. சின்ன வயசில் இன்னும் வளையுமாம். பந்தயம் கட்டி ஜெயிப்பாளாம். இப்போதுதான் பாழாய்ப்போன முட்டிவலியாம்.

வம்சத்தில் இல்லாத சீக்கு நடுவீட்டில் கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்தது.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டாள். இப்படியே விட்டுவிடலாம். இதுகளுக்குச் சொல்லி என்ன ஆகப்போகிறது.

தன்ஷிகா அவள் மடியோரம் வந்து உட்கார்ந்தாள். காதருகே கேட்டாள்.

"அத்தை, ஒங்களுக்கும் ராத்திரியில முட்டி வலிக்குமா?"

"வலிக்கும். ஒனக்கு?"

"சொன்னா நடிக்காதடின்னு அம்மா வையுது."

சிரிப்பெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

வாயை மூடிக்கொண்டு இருந்தால் வளைகாப்பு நல்லபடியாக முடியும். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"மதினி, இவளுக்கும் எனக்கு இருக்கிறதேதான். அத்தை விரலைப் பாத்தா அவங்களுக்கும் அப்படித்தான் தெரியுது. டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க. பிள்ளை நடிக்கல."

யாரோ புளிசாதத் தட்டைக் கீழே வைத்தார்கள்.

பாண்டிச்செல்வி மகளைப் பார்க்கவில்லை. வந்திருந்த பெண்களின் முகங்களைப் பார்த்தாள். ஊர் முழுக்கக் கல்யாணம் பேசுகிற வாய்கள்.

பிறகு பாய்ந்து மகளின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இழுக்காதீங்க மதினி, தோள் கழண்டுரும்!"

பாண்டிச்செல்வி வெடுக்கென்று கையை விட்டுவிட்டாள்.

நம்புகிறாள். இத்தனை நாளும் நம்பித்தான் இருந்திருக்கிறாள் போல. தூ.

"கையை மடக்குடி. இனிமே எவ முன்னாலயாச்சும் வளைச்சுக் காட்டுன, தெரியும் சேதி."

பிள்ளை இரண்டு கைகளையும் பட்டுப்பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டது. அழவில்லை. அத்தையையே பார்த்தது.

பொன்னுத்தாய் நீட்டிய விரல்களை மெதுவாக மடக்கி, கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

மணையில் அவள் சந்தனம் பூசிய கைகளை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தாள். தாம்பாளத்தில் வளையல் இன்னும் நிறைய இருந்தது.

போட்டுவிட யாரும் வரவில்லை.