பத்து இஞ்ச் கை

செங்கல் சூளை வாசலில் மேஸ்திரி டேப்போடு நிற்பார். மேல்கை சுற்றளவு பத்து இஞ்ச் இருந்தால்தான் உள்ளே விடுவார். மாடத்திக்கு ஒன்பதுதான். இந்த அளவெல்லாம் இல்லாத போன வருஷம் அவள் பொழுது சாயும்வரை கல் சுமந்தாள். பதினைந்து இஞ்ச் கைக்காரனான அவள் புருஷன் சுடலையோ மத்தியானமே மூச்சிரைத்து மரத்தடியில் சாய்ந்துவிடுவான். அவன் கூலி சாராயக் கடையோடு போய்விடும். பிள்ளையின் கஞ்சி அவள் கூலியில்தான்.

"குச்சிக் கைய வச்சிக்கிட்டு என்னத்தம்மா தூக்குவ? போ, போ" என்று மேஸ்திரி திருப்பி அனுப்பினார். வேலையில்லாமல் வந்தவளின் கையில் சுடலை விறகுக் கட்டையால் அடித்தான்.

மறுநாள் டேப் பத்தரை காட்டியது.

"அடேயப்பா, ஒரே ராத்திரியில சதை போட்டுட்டியே!"

வரிசையே சிரித்தது. அந்தக் கையோடு அவள் மூன்று நாள் கல் சுமந்தாள்.

நான்காம் நாள் விடிந்ததும் தொட்டுப் பார்த்தாள். வீக்கம் வடிந்திருந்தது. தூங்கிக்கொண்டிருந்த புருஷனை எழுப்பி, விறகுக் கட்டையை அவன் கையில் கொடுத்துவிட்டு, ரவிக்கைக் கையைச் சுருட்டினாள்.

"சீக்கிரங்க, மேஸ்திரி வந்துருவாரு."